எடைமேடையில் ஒரு மஞ்சள் முக்கோணம்

"மூஞ்சியில அடிக்காதே, கேபிள்ல அடி!"

மேஜைக்கு அடியில் மல்லாந்து கிடந்த மாப்பிள்ளை கத்தினான். அவன் மனைவி டார்ச்சைச் சட்டென்று திருப்பினாள். ஒட்டடை படிந்த வயர்க் கூட்டத்துக்கு நடுவே ஒரு நீலக் கேபிள் தெரிந்தது. ஒரு முனை சுவரில் இருந்த இரும்புப் பெட்டிக்குப் போனது. மறுமுனை கம்ப்யூட்டரின் முதுகில் சொருகியிருந்தது. மாப்பிள்ளை அதை உருவினான். வாயால் ஊதினான். சட்டை நுனியில் துடைத்து மறுபடி சொருகினான்.

"இப்போ?"

அவள் எழுந்து திரையைப் பார்த்தாள்.

"அதே மஞ்சள் முக்கோணம்தாங்க. நடுவுல ஆச்சரியக்குறி."

"அதுக்கு என்னடி ஆச்சரியம்? ஆச்சரியப்பட வேண்டியது நான்!"

வெளியே ஒரு ஹார்ன் அலறியது. சங்குதான். அந்த லாரி டிரைவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ஆனால் வண்டியை நிறுத்தினாலும் ஹார்ன், எடுத்தாலும் ஹார்ன், தும்மினாலும் ஹார்ன் என்று இருபது வருஷம் ஓட்டியதில் அது உதிர்ந்துபோய் 'சங்கு' மட்டும் நிலைத்துவிட்டது.

சங்குவின் லாரி எடைமேடைமேல் நின்றது. வயிறு முட்ட மக்காச்சோளம். அதற்குப் பின்னால் சாலையின் வளைவுவரை இன்னும் நான்கு லாரிகள். மணி ஒன்பது இருபது. மேற்கே வானம் அழுக்குத் துணியைப் பிழிந்து போட்ட மாதிரி கிடந்தது.

வேடிக்கை என்னவென்றால் எடைமேடைக்கு ஒரு கேடும் இல்லை. சுவரில் இருந்த இரும்புப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் 28460 என்று பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. இருபத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது கிலோ. ஜன்னல் வழியாக லாரிக்காரன் பார்த்தான். மாப்பிள்ளை பார்த்தான். கம்பிமேல் உட்கார்ந்திருந்த காக்கைகூடப் பார்த்தது. கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியவில்லை. அதற்குத் தெரிந்தால்தான் சீட்டு அச்சாகும்.

"தம்பி! எடை கண்ணுக்குத் தெரியுதே, ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் குடேன்!" சங்கு ஜன்னலில் தலையை நீட்டினான்.

"எழுதித் தரலாம்ணே. மில்லுல வாங்க மாட்டாங்களே."

வாங்க மாட்டார்கள். கோழித்தீவன மில் அது. எங்கோ ஓர் எடைமேடையில் எவனோ பேனாவால் ஒரு சைபரைக் கூட்டிவிட்ட நாளிலிருந்து, பெட்டியிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய் அச்சான சீட்டு மட்டும்தான் செல்லும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். எடையைக் கையால் தட்டச்சு செய்ய அந்த சாஃப்ட்வேரில் இடமே கிடையாது.

"காலையில என்னதான் ஆச்சு?"

"கம்ப்யூட்டர் புதுசாயிடுச்சுண்ணே."

"புதுசானா நல்லதுதானே?"

மூன்று மாதமாகத் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது: புதிய பதிப்புக்கு மாறலாமா? கீழே இரண்டு பொத்தான்கள். 'இப்போதே', 'பிறகு'. பழைய இரும்புப் பெட்டி, பழைய சாஃப்ட்வேர், கடைத்தெருவில் வாங்கிய ஒரு கன்வெர்ட்டர் கேபிள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் ஓடுவதே பெரிய விஷயம் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். அதனால் மூன்று மாதமும் 'பிறகு', 'பிறகு' என்றே தள்ளிக்கொண்டிருந்தான். அதைத் தொடக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தான்.

இன்று காலை எட்டு மணிக்கு அறையைத் திறந்தால், கம்ப்யூட்டர் புது நிறத்தில், புது முகத்தோடு, "வரவேற்கிறோம்" என்றது. என்ன நடந்தது என்று உள்ளே போய்த் தேடினான். எப்போது என்ன மாறியது என்ற வரலாறு அதிலேயே எழுதியிருந்தது. அதிகாலை ஐந்து பன்னிரண்டுக்கு யாரோ 'இப்போதே'யை அமுக்கியிருந்தார்கள்.

யார்?

இந்த அறைக்கு வந்து போகிறவர்கள் மூன்றே பேர். மாப்பிள்ளை, அவன் மனைவி, மாமியார். மாப்பிள்ளை அமுக்கவில்லை. மாமியாருக்குக் கம்ப்யூட்டரில் வேண்டியது எடை, அச்சு, அடுத்த வண்டி. மற்றதன் பக்கம் கை போகாது. மிச்சம் யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

அவளுக்குக் காரணமும் இருந்தது. மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் மாப்பிள்ளை தலைநகருக்குக் கிளம்புகிறான். நாளைக் காலை ஒன்பதுக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலையில் சேர வேண்டும். "போகாதீங்க" என்று ஒரு வாரமாக அவள் சொல்லாத நேரமில்லை.

போகத்தான் வேண்டும் என்று அவன் முடிவு செய்து ஒரு மாதம் ஆகிறது. இரண்டரை வருஷம் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தாயிற்று. லாரிக்காரர்களின் கிண்டல்கூடப் பெரிதில்லை. மாமியார்தான். இந்த இரண்டரை வருஷத்தில் அந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்த்து நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "பாப்பா, மாப்பிள்ளையைச் சாப்பிடச் சொல்லு." "பாப்பா, மாப்பிள்ளைகிட்ட பேப்பர் ரோல் தீர்ந்துடுச்சுன்னு சொல்லு." அவன் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான். மரியாதைதான். ஆனால் மரியாதையும் ஒரு சுவர்தானே? வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அந்த அம்மாள் மகளைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "ஆம்பிளைன்னா நாலு ஊர் தண்ணி குடிக்கணும். போய்ட்டு வரட்டும்." நேற்று அவனுடைய சட்டைகளை மடித்துப் பையில் வைத்ததும் அந்த அம்மாள்தான். அவ்வளவு ஒழுங்காக மடித்திருந்தாள். பார்த்தபோது அவனுக்கு என்னவோ போல் இருந்தது.

"என்னங்க, யோசிச்சுக்கிட்டே நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. போனை எடு. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் பேசலாம்."

பதினோரு நிமிஷம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் லைனில் வந்தாள்.

"எடை காட்டுற பெட்டி இருக்கில்ல, அந்த இண்டிகேட்டரோட மாடல் நம்பர் சொல்லுங்க சார்."

சொன்னான். மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம்.

"சார், அந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு."

"எப்போ?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே சார்."

"மெஷின் நல்லா ஓடுதுங்களே!"

"மெஷின் ஓடும் சார். சப்போர்ட்தான் ஓடாது. கம்ப்யூட்டர்ல என்ன பதிப்பு போட்டிருக்கீங்க?"

"நேத்து வரைக்கும் பழசு. இன்னிக்குக் காலையில இருந்து புதுசு."

"எங்க சாஃப்ட்வேரைப் புதுசுல இன்னும் டெஸ்ட் பண்ணலை சார்."

"நான் டெஸ்ட் பண்ணிட்டேன். ஓடலை."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சார், இந்தப் பேச்சு ரெக்கார்ட் ஆகுது. ஆனாலும் சொல்றேன். மஞ்சள் முக்கோணம் வருதுன்னா நடுவுல இருக்கிற கன்வெர்ட்டர் கேபிள்தான். அதோட சிப்பு பழசு. புதுப் பதிப்பு அதைச் சேர்த்துக்காது. அதை ஓட்டுற பழைய டிரைவர் புரோகிராம் இருக்கும், தேடிப் போட்டுப் பாருங்க."

போனை வைத்ததும் மாப்பிள்ளை உரக்கச் சொன்னான்: "டிரைவர்தான் கோளாறு. இந்த டிரைவரைத் தூக்கிட்டுப் பழைய டிரைவரைப் போடணும்."

ஜன்னலுக்கு வெளியே சங்குவின் மீசை துடித்தது. "இருபது வருஷமா இந்த மேடையில ஏத்தி இறக்குறேன். ஒரு கோடு தாண்டியிருப்பேனா? என்னைத் தூக்கணுமா?"

"ஐயோ அண்ணே, உங்களை இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு டிரைவர் இருக்கான்."

"அவனுக்கு லைசென்ஸ் இருக்கா கேளு முதல்ல!"

வரிசையில் நின்ற நான்கு டிரைவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மனைவியின் கையில் போன் மீண்டும் அதிர்ந்தது. மில் சூப்பர்வைசர்.

அந்த மனிதர் கத்துகிற ரகம் இல்லை. அதுதான் பயம்.

"தம்பி, லோடு நாளைக்குத்தான்னு சொல்லியிருந்தேன், ஒத்துக்கிறேன். மழை வருதுன்னதும் முன்னாடியே ஏத்திவிட்டுட்டோம். மக்காச்சோளம் நனைஞ்சா பூஞ்சை பிடிக்கும், உனக்கே தெரியும். ஒரு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல அஞ்சு வண்டியையும் பைபாஸ் மேடைக்குத் திருப்பிடுவேன்."

"சார், இன்னிக்கு ஒரு நாள்..."

"இன்னிக்குத் திருப்பினா இன்னியோட முடியாது தம்பி. அந்த மேடைக்காரன் என் முதலாளி வீட்டு வாசல்ல மூணு மாசமா நிக்கிறான், லோடு குடுங்க குடுங்கன்னு. ஒரு தடவை போனா அங்கதான். ஆமா, திடீர்னு எப்படிக் கெட்டுச்சு? யார் கை வெச்சது?"

மனைவி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் மாமியார். கையில் நீளத் துடைப்பம். மேடையின் இடுக்குகளில் சேர்ந்த மண்ணைப் பெருக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். மண் சேர்ந்தால் பூஜ்யம் தப்பும் என்று தினமும் விடிவதற்கு முன்னே ஒரு தடவை, வண்டிகளுக்கு நடுவே நாலு தடவை பெருக்குகிறவள். கணவர் இறந்த பிறகு இந்த ஆறு வருஷமும் இந்த வீட்டின் அடுப்பு எரிந்தது அந்த இரும்புத் தகட்டின் புண்ணியத்தில். அதில் பாதிக்கு மேல் இந்த மில்லின் லாரிகள்.

"நான்தான் சார்," என்றான் மாப்பிள்ளை. "தெரியாம நான்தான் அமுக்கிட்டேன்."

மனைவி வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை கண்ணால் அடக்கினான். வாசலில் துடைப்பம் சுவரில் சாய்ந்து, சரிந்து, தரையில் விழுந்தது.

"கம்ப்யூட்டர் படிச்ச புள்ளை நீயே இப்படிப் பண்ணா?" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போனை வைத்தார்.

சங்கு காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இப்போது எடைமேடைக்காரம்மா ஒரு பிடி பிடிப்பாள், கேட்டுவிட்டு வரிசை முழுக்கப் போய்ச் சொல்லலாம் என்று அவனுக்கு ஆசை. அந்த அம்மாள் திட்ட ஆரம்பித்தால் பத்து டன் வண்டி பின்னால் நகரும். ஆனால் அவள் துடைப்பத்தை எடுத்தாள். ஒன்றும் சொல்லாமல் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.

"என்ன தம்பி, அக்கா திட்டவே இல்ல? உடம்பு சரியில்லையா?"

"கிளம்புற அன்னிக்கு எதுக்குன்னு விட்டுட்டாங்கண்ணே," என்றான் மாப்பிள்ளை.

மணி பத்து ஐம்பது.

பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம். அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. ஆனால் அது எத்தனை மணி நேரம் தின்னும் என்று தெரியாது. மழைக்கு முன் இந்தத் தெருவில் மின்சாரம் ஒரு தடவையாவது கண் சிமிட்டும். நடுவில் போனால் கம்ப்யூட்டரே மூச்சை விட்டுவிடும். அதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பழைய டிரைவரைத் தேடி இணையத்தில் இறங்கினான்.

கிடைத்தது. உலகத்தின் ஏதோ மூலையில் இதே முக்கோணத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட ஒரு புண்ணியவான் போட்டு வைத்திருந்தான். மாப்பிள்ளை இறக்கினான். ஏற்றினான்.

"போயிடுச்சு!" மனைவி துள்ளினாள். "முக்கோணம் போயிடுச்சுங்க!"

அரை நிமிஷம். முக்கோணம் மறுபடி வந்து உட்கார்ந்தது.

மீண்டும் ஏற்றினான். போனது. வந்தது. மூன்றாவது தடவையும் போய் வந்தபோது மாப்பிள்ளைக்குப் பிடிபட்டது.

"நான் பழசைப் போடப் போட, இவன் நெட் வழியா புதுசைக் கொண்டுவந்து மாத்துறான். முன்வாசல்ல விரட்டினா கொல்லைப்பக்கமா வர்றான். நெட் வயரைப் புடுங்கு!"

அவள் ஸ்டூலில் ஏறிப் பரணில் இருந்த மோடத்தின் கழுத்தைப் பிடித்து உருவினாள். நான்காவது தடவை ஏற்றினான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். முக்கோணம் வரவில்லை.

"சீட்டை அடிங்க!"

"அவசரப்படாதே. கதவு திறந்திருக்கு, எந்தக் கதவுன்னு தெரியணும்."

கேபிள் வழியாக எடை உள்ளே வருகிற போர்ட்தான் அந்தக் கதவு; சாஃப்ட்வேருக்கு மூன்றாம் நம்பர்தான் பழக்கம். புதுப் பதிப்போ கேபிளுக்கு ஏழாம் நம்பர் கொடுத்திருந்தது. சாஃப்ட்வேருக்கு நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது. சரி, மூன்றையே கொடு என்றால், 'அது வேறொருவர் உபயோகத்தில் உள்ளது' என்றது.

"யாருங்க அந்த வேறொருவர்?"

"நாமதான். நேத்து இருந்த அதே கேபிள். ஆளே இல்ல, நாற்காலியில துண்டு மட்டும் கிடக்கு."

துண்டைத் தேடி எடுத்து வீச இருபது நிமிஷம் பிடித்தது. மணி பன்னிரண்டு. வெளியே காற்று எழும்பியது. டிரைவர்களும் சுமைக்காரர்களும் லாரிகளின் மேல் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். கயிறு அறைகிற சத்தம். "டேய், அந்த முனையை விடாதே, பறந்து போயிடுவே!" என்று யாரோ யாரையோ வைதார்கள்.

மாமியார் ஒரு தட்டோடு வந்தாள். ரொட்டி, அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"பாப்பா, காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை. சாப்பிட்டுட்டுப் பார்க்கச் சொல்லு."

"இது அவர் பஸ்ஸுக்குக் கட்டின சாப்பாடாச்சேம்மா?"

"பிரிச்சுட்டேன்."

"அப்போ வழிக்கு?"

"வழிக்கு வேணும்னா வேற கட்டினா போச்சு. நீ என்ன குறுக்கு விசாரணை பண்றே?"

மாப்பிள்ளை ஒரு கையால் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே மறுகையால் சாஃப்ட்வேரைத் திறந்தான். எடை என்று போட்டிருந்த கட்டத்தில் ஏதோ வந்தது. வந்தது எண் அல்ல. சின்னச் சின்னச் சதுரங்கள், நடுவில் கேள்விக்குறிகள், ஒரு தலைகீழ்க் கொம்பு.

"இதென்ன மந்திரவாதி தகடு மாதிரி இருக்கு?" ஜன்னலில் சங்கு.

"பேச ஆரம்பிச்சிடுச்சுண்ணே. ஆனா பெட்டி ஒரு வேகத்துல பேசுது, கம்ப்யூட்டர் ஒரு வேகத்துல கேட்குது. ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குப் புரியலை. அந்த வேகத்தை இங்க சரியா குறிச்சுக் குடுக்கணும். மாறினதுல பழைய குறிப்பு அழிஞ்சு போச்சு."

"என்ன வேகம்?"

"அதுதான் தெரியலை. வேகம் மட்டும் இல்ல, இன்னும் மூணு சங்கதி இருக்கு. எல்லாத்தையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்கணும். ஒவ்வொரு தடவையும் மூடித் திறக்க ஒண்ணரை நிமிஷம்."

அவன் போட ஆரம்பித்தான். மூடினான், திறந்தான். சதுரங்கள். மூடினான், திறந்தான். வேறு சதுரங்கள். பன்னிரண்டு பதினைந்து. பன்னிரண்டு இருபது. பெட்டி வைத்த கம்பெனிக்குப் போன் போட்டால் மறுபடி இசை. ரொட்டி பாதியில் காய்ந்தது. முதல் துளி ஜன்னல் தகரத்தில் விழுந்தது. டங்.

பன்னிரண்டு முப்பத்தைந்து. போன் அடித்தது. மில். மனைவி எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்து அடித்து நின்றது.

"என்னால முடியலை," என்றான் மாப்பிள்ளை. நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். "அண்ணே, நீங்க பைபாஸுக்கே போயிடுங்க. நனைஞ்சுடும்."

சங்கு தலையைச் சொறிந்தான். ஹார்ன் அடிக்கவில்லை. அதுவே அவனுடைய அனுதாபம்.

மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரில் எரிந்த சிவப்பு எண்ணைப் பார்த்தாள். மூலையில் இருந்த பயணப் பையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மழை தகரத்தில் இன்னும் நாலு தடவை தட்டியது.

"ரெண்டாயிரத்து நானூறு," என்றாள்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

மாமியார் மகளைப் பார்க்கவில்லை. இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாக மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டாயிரத்து நானூறு, மாப்பிள்ளை. அப்புறம் ஏழு. அப்புறம் இரட்டை. அப்புறம் ஒண்ணு. போட்டுப் பாருங்க."

"அத்தை, இது உங்களுக்கு எப்படி..."

"பெட்டியை மாட்ட வந்த மெக்கானிக் போற அன்னிக்குச் சொல்லிட்டுப் போனான். இதை மறந்தீங்கன்னா நான் வர ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் மேடையில துணிதான் காயப்போடணும்னான். பதினெட்டு வருஷமா பெருக்கும்போது மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிக்குவேன். பேசிக்கிட்டு நிக்காதீங்க, போடுங்க!"

போட்டான். ரெண்டாயிரத்து நானூறு. ஏழு. இரட்டை. ஒன்று. மூடினான். திறந்தான்.

28460.

திரையில், சுவரில், இரண்டிலும் ஒரே எண். மனைவி ஒரு சத்தம் போட்டாள். அது வார்த்தை இல்லை. மாப்பிள்ளை 'அச்சு' பொத்தானை அமுக்கினான். பிரிண்டர் தொண்டையைக் கனைத்து, கிர்ர் கிர்ர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சீட்டைத் துப்பியது.

"போங்கண்ணே, போங்க! அடுத்த வண்டி!"

சங்கு அடித்தான் பாருங்கள் ஒரு ஹார்ன். வளைவில் நின்ற கடைசி லாரிவரை அது பரவி, ஐந்து ஹார்ன்களாகத் திரும்பி வந்தது.

பிறகு இருபத்தைந்து நிமிஷம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மனைவி வாசலில் நின்று, நனைந்தபடி, கையைக் காட்டி வண்டிகளை மேடைமேல் ஏற்றினாள். "இன்னும் முன்னால, இன்னும் ஒரு முழம், போதும் போதும், இறங்குங்க!" டிரைவர் இறங்கியதும் மாப்பிள்ளை அமுக்கினான். மாமியார் சீட்டைக் கிழித்து, ஓரத்துத் துளைப்பட்டையை நீக்கி, முத்திரை குத்தி ஜன்னலில் நீட்டினாள். மூன்று பேரும் ஒரே இயந்திரத்தின் பாகங்கள் மாதிரி ஓடினார்கள். ஐந்தாவது வண்டி இறங்கியபோது மணி ஒன்றைத் தாண்டி இரண்டு நிமிஷம். அதே நேரம் போன்.

"ரெண்டு நிமிஷம் லேட்டு," என்றார் சூப்பர்வைசர்.

"சார்..."

"விடு, என் கடிகாரம் எப்பவும் ரெண்டு நிமிஷம் பின்னாடிதான். நாளைக்கு ஆறு வண்டி வருது. இதுல யாரும் கை வைக்காம பார்த்துக்கோ."

மழை இப்போது சாவகாசமாகப் பெய்தது. சாலையின் எதிர்ப்பக்கம் தெரியவில்லை. வெறும் மேடைமேல் தண்ணீர் தாவி விளையாடியது. சுவர்ப் பெட்டியில் எண் பூஜ்யத்துக்கும் இருபதுக்கும் நடுவே தடுமாறிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை முகம் கழுவினான். சட்டை மாற்றினான். பஸ் நிறுத்தம் பத்து நிமிஷ நடை. மணி ஒன்று இருபது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டவன், தலை துவட்டிக்கொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் போய் நின்றான். மாமியார் முதுகைக் காட்டி உட்கார்ந்து, சீட்டு நகல்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்குக் கோபம் இல்ல. அதைத் தெரிஞ்சுக்கோ."

"எதுக்கு?"

"அடுத்த தடவை என்னைப் போக வேண்டாம்னு சொல்லணும்னா வாயால சொல்லு. இப்படிப் பண்ணாதே. பொழப்பே போயிருக்கும்."

அவள் துண்டை இறக்கினாள். "வாயாலதானே ஒரு வாரமா கத்துறேன்? காது உங்களுக்குத்தானே இல்ல! எப்படிப் பண்ணேன்? என்ன பண்ணேன்?"

"மெதுவா பேசு. அந்தப் பொத்தானை நீ அமுக்கினது எனக்குத் தெரியும்."

"நானா? நீங்கதானே அமுக்கினீங்க! மில்லுக்காரர்கிட்ட உங்க வாயாலயே சொன்னீங்களே!"

"உனக்காகச் சொன்னேன்டி! உங்கம்மா முன்னாடி உன்னை மாட்டிவிட வேண்டாம்னு!"

"எனக்காகவா? நான் எதுக்கு அதை அமுக்கப் போறேன்? ஏங்க, அது எத்தனை மணிக்கு நடந்துச்சு?"

"அஞ்சு பன்னிரண்டு. கம்ப்யூட்டர்லயே இருக்கு."

அவள் இடுப்பில் கையை வைத்தாள். "அஞ்சு பன்னிரண்டுக்கு நான் எங்க இருந்தேன்? என் தலை உங்க கை மேல இருந்துச்சு. கை மரத்துப் போச்சுன்னு எழுந்து உதறினீங்க. மணியைப் பார்த்துட்டு, அஞ்சேகால்தான் ஆகுது, தூங்குன்னு சொன்னீங்க. சொன்னீங்களா இல்லையா?"

மாப்பிள்ளை தன் கையைப் பார்த்தான். சொல்லியிருந்தான். இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்போ நீ இல்ல?"

"நீங்களும் இல்லையா?"

சீட்டுகளை அடுக்கும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

மாமியார் திரும்பவில்லை. மடியில் கிடந்த காகிதங்களின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"லோடு நாளைக்குத்தான்னு சொன்னாங்க," என்றாள். "மழை வரும்னு நான் என்ன கண்டேன்?"

"அம்மா!"

"சும்மா இரு பாப்பா. நான் மாப்பிள்ளைகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்." காகிதங்களை மேஜைமேல் வைத்தாள். "மணிக்கணக்கில் ஆகலாம், நடுவில் நிறுத்த வேண்டாம்னு திரையில போட்டிருந்துச்சு. வேலையை அரைகுறையா விட்டுட்டுப் பஸ் ஏறுற ஆள் நீங்க இல்ல. போகாதீங்கன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பலை. அதான் விளக்கு போட்டதும் முதல் வேலையா உள்ளே வந்து, நான்தான் அதை அமுக்கினேன், மாப்பிள்ளை."